எஹலியகொடவில் கறுத்த கை

கொழும்பு விமான நிலையத்தில் என் பாக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். இந்தப் பயணத்தின் முதல் அதிர்ச்சி அதுதான்.

மஞ்சள் துணியில் முடிந்து, எங்கள் ஊர் மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்த பாக்கு அது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்தால், மாப்பிள்ளை வீட்டுப் பாக்கும் பெண் வீட்டு வெற்றிலையும் ஒரே தட்டில் சேர வேண்டும். இதையெல்லாம் அந்த அதிகாரிக்கு எப்படி விளக்குவது? அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தமிழில் சொன்னார்: "வெதை, காய் எதுவும் உள்ள கொண்டு போகக் கூடாதாம். பாக்கு வெளையிற நாட்டுக்கே பாக்கு கொண்டு வந்தீங்களான்னு கேக்குறார்." நான் கும்பிட்டுக் கேட்டேன். அவரும் கும்பிட்டபடியே மறுத்துவிட்டார்.

நாங்கள் துறையூர்ப் பக்கம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி பூமி. மகன் கார்த்தி கத்தாரில் இருக்கிறான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பையன் சசி, இலங்கையில் எஹலியகொட என்ற ஊருக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்துக்காரன். சசியின் தங்கை நிரோஷாவை போனில் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று கார்த்தி நின்றுவிட்டான். விசாரித்தால், அந்தக் குடும்பத்தின் முன்னோர் எங்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவர்கள்தான். முறையும் சரியாக வந்தது. பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு, "பாக்கு வேலைக்குப் போகுது" என்றான் சசி. எங்கள் ஊர்ப் பெண்கள் பாக்குப் பொட்டலம் போடும் கம்பெனிக்குப் போவதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை கொழும்பில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் பையிலிருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

"ஞாயித்துக்கிழம பயலுக்குச் சந்திராஷ்டமம். இதப் பாக்காமயே நாள் சொல்லிட்டோம்."

"இப்ப என்னங்க பண்றது?"

"இன்னைக்கு நல்ல நாள். இன்னைக்கே போயிக் காலை வச்சிருவோம்."

பெண் வீட்டுக்கு போன் போட்டால் போகவில்லை. மலையில் இப்படித்தான் என்று சசி முன்பே சொல்லியிருந்தான். நல்ல நேரம் போகிறதே என்று பஸ் ஏறிவிட்டோம்.

அந்த பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல! எங்கள் ஊர் மினி பஸ்காரனைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வளைவில் எதிரே லாரி வருகிறது, ஓட்டுநர் பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். கம்பியைப் பிடித்த கை வலித்துப்போய்விட்டது. வழியில் ஒரு புத்தர் சந்நிதி முன்னால் நிறுத்தி, நடத்துநர் இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். இப்படி ஓட்டினால் கும்பிடத்தான் வேண்டும். நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, காப்பாற்றினால் சரி.

எஹலியகொடவில் இறங்கியபோது பசி கண்ணை அடைத்தது. ஒரு கடையில் ரொட்டிக்கட்டியை அறுத்து, பருப்பும் சிவப்பாக ஒரு சம்பலும் வைத்தார்கள். அந்த ரொட்டியைப் பாண் என்கிறார்கள். சம்பல் ருசி நாக்கில் நின்றது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பிறகுதான் கடைக்காரரிடம் பக்குவம் கேட்டேன்.

"தேங்கா, மொளகா, வெங்காயம், கொஞ்சம் மாசி."

"மாசின்னா?"

"மாசிதாங்க. காய வச்ச மீனு."

வெள்ளிக்கிழமை! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை கவுச்சி தொட்டதில்லை. "மீன் இருக்குன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "அது மீன் இல்லங்களே, மாசி" என்றார் அவர், ரொம்ப அமைதியாக. வாசலில் வந்து வாயைக் கொப்பளித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் மட்டும் தன் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். கேட்டால், தெரியாமல் தின்றது கணக்கில் சேராதாம்.

அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ. ஓட்டிவந்தவர் சமன் என்ற சிங்களப் பையன், நன்றாகத் தமிழ் பேசினார். போகிற இடம் பெண்ணின் அப்பா ராமையா வீடு என்றதும், "எனக்குத் தெரியும், ஏறுங்க" என்றார். ஒரு பக்கம் வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள், மரத்துக்கு மரம் பால் வடியச் சிரட்டை கட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு வருஷம் பெய்கிற மழை அந்த மலையில் ஒரு மத்தியானத்தில் பெய்துவிட்டுப் போயிருந்தது. மேட்டில் சக்கரம் சேற்றில் இறங்கியது. நாங்களும் இறங்கித் தள்ளினோம். தள்ளி முடித்துப் பார்த்தால் வீட்டுக்காரர் வேட்டியெல்லாம் ரத்தம். நான் போட்ட கூச்சலில் சமன் சிரித்துவிட்டார்.

"அட்டைங்கம்மா. பயப்பட வாணாம், குடிச்சிட்டு அதுவா போயிரும்."

குடித்துவிட்டு அதுவாகப் போய்விடுமாம்! சவுக்காரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து அவரே எடுத்துவிட்டார்.

அப்போதுதான் தலைக்கு மேலே ஓலை சலசலத்தது. பாதையின் மறுபக்கம் ஒரு வீட்டுத் தோட்டம். முழுக்கப் பாக்கு மரங்கள். பனையைவிட உயரம், என் இரண்டு கைப்பிடிக்குள் அடங்கும் பருமன். அந்த ஒல்லி மரம் ஒன்றின் உச்சியில் முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக ஓர் ஆள். கீழே நின்ற ஒரு பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, பச்சையும் மஞ்சளுமாகக் காய்த்த குலை கயிற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதுவரை சரி. பிறகு மேலே இருந்த ஆள் மரத்தை ஆட்டத் தொடங்கினான். முன்னே, பின்னே, முன்னே, பின்னே. மரம் வில் மாதிரி வளைந்தது. வளைந்த வேகத்தில் பக்கத்து மரத்தை எட்டிப் பிடித்து, அப்படியே அதற்குப் போய்விட்டான். விட்ட மரம் விர்ரென்று நிமிர்ந்தது.

"மாரியாத்தா!" என்று கத்திவிட்டேன்.

மேலிருந்து குரல் வந்தது. "யாருங்க அது கீழ? அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, காய் விழும்!"

பெண் குரல்.

"பொம்பளையா அது?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கட மரந்தான் இது. அந்த நங்கிதான் பறிச்சுக் குடுக்குறது" என்றார் சமன். தங்கையை நங்கி என்பார்களாம். பிறகு எங்களைப் பார்த்து, இது தெரியாதா என்பதுபோலச் சொன்னார்: "நீங்க தேடி வந்த ராமையா அண்ணன்ட மகதானே அது. நிரோஷா."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அவள் சரசரவென்று இறங்கிவந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண், அவள் அம்மா செல்வராணி, எங்களை அடையாளம் கண்டு கயிற்றை அப்படியே போட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். நிரோஷாவும் பார்த்தாள். "நாளக்கழிச்சுத்தானே..." என்று ஆரம்பித்தவள், ஓடிவந்து வணக்கம் சொல்ல நினைத்தாளோ என்னவோ, கால் தளையைக் கழற்ற மறந்துவிட்டாள். இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிணைத்திருக்கும் வளையம் அது. ஓர் எட்டு வைத்தாள், தடுக்கி, என் வீட்டுக்காரர் காலடியில் முழங்கால் குத்தி விழுந்தாள்.

காலில் விழுந்த பிள்ளையைக் கண்டால் அவர் கை தானாக எழும்பிவிடும். கோயிலில் மாலை வாங்கிப் பழகிய மனுஷர். "நல்லாயிரு தாயி, தீர்க்க சுமங்கலியா இரு" என்று தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டார். பண்ணிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. சூடு பட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் ஊன்றியிருந்த கைகளைப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்பு. அடுப்புக் கரி அல்ல, கழுவினால் போகாத கறுப்பு.

அவர்கள் குடியிருந்தது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம், அதை இஸ்தோப்பு என்கிறார்கள். அதில் பாக்கு உரித்த மட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. பச்சை மட்டையின் வாடையும் காய்கிற ரப்பர் ஷீட்டின் வாடையும் சேர்ந்து அடித்தது.

செல்வராணி அழுதேவிட்டாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள தேசிக்காச் சாறு போட்டுத் தேச்சு, மேல மருதாணி வச்சு மறைக்கலாம்னு இருந்தோம்மா. இந்த வாரம் ஏறாதடின்னும் சொன்னேன். நாளைக்கு லொறி வருது, பறிச்சுக் குடுத்துட்டு வாறேன்னு போயிட்டா."

"மறைக்கலாம்னு இருந்தீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"அம்மா மறைக்கச் சொன்னாங்க. நான் சரின்னு சொல்லல" என்றாள் உள்ளேயிருந்து நிரோஷா. அதற்கு அவள் அம்மா பார்த்த பார்வையில் நானே பயந்துபோனேன்.

ராமையா கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். போன வருஷ மழையில் மரத்திலிருந்து வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டவர். மகன் கத்தாருக்குப் போன பிறகு, அப்பாவின் கத்தியையும் தளையையும் மகள் எடுத்துக்கொண்டாள். அவர் இதைச் சொல்லி முடிக்கும்வரை வீட்டுக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு ஒரு வார்த்தை விட்டார்.

"ஏங்க, வீட்ல ஆம்பள இருக்கறப்ப பொம்பளப் புள்ளையவா மரத்துல ஏத்துவாங்க?"

ராமையா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்றால் மறுபடி மழை. கீழே பாதையில் மண் சரிந்து ஆட்டோ போகாது என்றார் சமன். சம்பந்தம் முடியாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். செல்வராணி இலை போட்டு நின்றாள். வீட்டுக்காரர், "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஊர் முறுக்கை எடுத்தார். அந்த இஸ்தோப்பில் அவர் முறுக்குக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுப்படிக்குப் போய் அவருக்குத் தெரியாமல் ஒரு கோப்பை வெறும் தேயிலைத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், கையில் கருப்பட்டித் துண்டோடு.

எங்களுக்கு அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் இஸ்தோப்பில் படுத்தார்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

"இது நமக்கு ஒத்து வராது. மரமேறுற பொண்ணக் கட்டுனா நாலு பேரு சிரிப்பான்."

"ஆசீர்வாதம் பண்ணிட்டீங்களே."

"அது தெரியாமப் பண்ணுனது."

"அம்மனுக்குமா தெரியாது?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை என்பதுதான் உண்மை. கண்ணை மூடினால் வில்லாக வளைந்த மரம். பெற்றவள் எப்படிக் கீழே நின்று கயிற்றைப் பிடிக்கிறாள்? எந்த நேரமும் விழுந்து சாகலாம் என்கிற பிள்ளையை என் மகனுக்கு எப்படி எடுப்பது?

சனிக்கிழமை காலை வெயில் வந்தது. பறித்த காயை லாரி வருவதற்குள் உரித்துக் கொடுக்க வேண்டுமாம். அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் செங்குத்தாக நட்ட கத்தி, அதில் காயைக் குத்தி ஒரு திருகு, மட்டை இரண்டாகப் பிளந்து விழ, உள்ளிருந்து பாக்கு குதிக்கும். தாம்பூலத் தட்டில் மட்டுமே பாக்கைக் கண்டவள் நான். அதற்கு இப்படி ஒரு சட்டை உண்டு என்பதே எனக்குப் புதுசு. சும்மா இருக்க முடியாமல், "குடு, நானும் பாக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

"வாணாங்கம்மா, கை கறுத்துரும்" என்றாள் நிரோஷா.

"கறுத்தா வெளுக்காதா?"

"தோல் உரிஞ்சாத்தான் வெளுக்கும்."

முதல் காய் நழுவியது, இரண்டாவது நசுங்கியது. மூன்றாவதை முழுசாக எடுத்த பெருமையில் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். பச்சைப் பாக்கு! நெஞ்சை அடைத்து, காது இரண்டும் சூடாகி, வேர்த்துக் கொட்டிவிட்டது. செல்வராணி முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தாள். நிரோஷா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சிரி, சிரி, மாமியார் மயங்கி விழுந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை வந்துவிட்டது என்று நாக்கைக் கடித்தேன்.

"மேல போனா பயமா இல்லியா?" என்று பேச்சை மாற்றினேன்.

"காத்து வந்தா கொஞ்சம் பயந்தாங்க. மரம் ஆடும். நானும் அது கூடவே ஆடிக்கிருவேன்."

"கல்யாணம் ஆனா விட்ருவியா?"

"ஒங்க ஊர்ல பாக்கு மரம் இருக்குங்களா?"

"எங்க ஊர்ல வேலிக்காத்தான்தான் இருக்கு."

"அப்ப எதுல ஏறுறது?" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம்தான் சமன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "நங்கி! அப்பா மரத்தில! எறங்க ஏலாம நிக்கிறார்!"

ராமையா எழுந்து போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கைத்தடி மட்டும் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கிடந்தது. கத்தியும் தளையும் கயிறும் ஆணியில் இல்லை.

எல்லோரும் ஓடினோம். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. நேற்று பார்த்த அதே தோட்டம். ஒரு மரத்தின் உச்சியில் அந்த மனுஷர் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஏறும்வரை ஏறிவிட்டார். உடைந்து கூடிய கால் மேலே போனதும் மரத்துவிட்டது. தளையில் ஒரு கால்தான் ஊன்றியிருந்தது, மற்றது வெறுமனே ஆடியது. கூப்பிட்டால் பதில் இல்லை. மழையில் ஊறிய மரத்தில் பாசி பளபளத்தது.

"என்னாலதான்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மட்டும் கேட்டது.

"அதே மரத்தில ஏறாத நங்கி, ரெண்டு பேரத் தாங்காது" என்று சமன் கத்தினார். அவள் அதைக் கேட்கும் முன்பே பக்கத்து மரத்தில் பாதி உயரம் போயிருந்தாள். அம்மாவின் முந்தானையைக் கிழித்து முறுக்கிக் காலுக்குத் தளையாகப் போட்டிருந்தாள். செல்வராணி தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். நான் என் இடுப்பில் முடிந்திருந்த அம்மன் குங்குமத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் ஒரு மந்திரமும் வரவில்லை. ஆத்தா, ஆத்தா என்பதற்கு மேல் வரவில்லை.

மேலே போனதும் அவள் மரத்தை ஆட்டினாள். முன்னே, பின்னே. நேற்று எந்த ஆட்டத்தைக் கண்டு கத்தினேனோ, இன்று அதே ஆட்டம் எட்டவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வீச்சில் அப்பாவின் மரத்து மட்டையைப் பிடித்துவிட்டாள். தன் மரத்தைக் காலால் கவ்வியபடி, மட்டையை முழங்கையில் இடுக்கிக்கொண்டு அவர் இடுப்பிலிருந்த குலை இறக்கும் கயிற்றை உருவி, அவர் கக்கத்தின் கீழ் சுற்றிக் கட்டி, மட்டையடிக்கு மேலாகப் போட்டாள். மறு முனை கீழே வந்து விழுந்தது.

"மாமா! கயித்தப் புடிங்க! இழுத்துப் புடிச்சு மெதுவா விடுங்க!"

அவள் மாமா என்றது என் வீட்டுக்காரரைத்தான். அவர் பாய்ந்து பிடித்தார், பின்னால் சமன். ராமையாவின் கை மரத்தை விட்டது. பாரம் முழுதும் கயிற்றில் இறங்கியது. கயிறு அவர் உள்ளங்கையில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து குதிகாலைச் சேற்றில் ஊன்றினார். கொஞ்சம், கொஞ்சம், கொஞ்சம். மேலிருந்து அவள், "இன்னும் விடுங்க மாமா, பையப் பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தரையைத் தொட்டதும் ராமையா என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைக்கு வந்த எடம் என்னால தப்பிப் போயிரக் கூடாதுன்னுதாங்க. நான் ஏறிட்டேன்னா அவ ஏற வேண்டியதில்லன்னு..." மேலே பேச வரவில்லை.

வீட்டுக்காரர் அவர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அட்டை ஏறியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

லயத்துக்கு வந்து சேர்ந்ததும் செல்வராணி என் வீட்டுக்காரர் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிரோஷா மூலையில் நின்றாள், திட்டு விழும் என்று காத்திருப்பவளைப்போல. வீட்டுக்காரர் எண்ணெய் தடவிய கையை ஊதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தங்கச்சி, என்ன சமைச்சிருக்கீங்க?"

செல்வராணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "பலாக்காக் கறி, பருப்பு. மாசி போடலங்கய்யா, அம்மா வெரதமோ என்னமோன்னு."

"எலையப் போடுங்க."

இலை போட்டார்கள். சிவப்பரிசிச் சோறு ஆவி பறந்தது. ஆனால் அந்தக் கையால் எப்படிப் பிசைவார்? கரண்டி கொடுத்தார்கள், வேண்டாமென்றார். நானே பிசைந்து ஊட்டினேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் முன்னால் அவருக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. இரண்டாவது உருண்டையை நீட்டும்போது அவர் என் விரலையே பார்த்தார். அந்தப் பெண்ணின் விரலைப்போலவே கறுத்திருந்தது.

"இதென்னடி?"

"பாக்கு உரிச்சேன்."

"எத்தன?"

"தட்டுக்குப் போதுங்க. மாப்பிள்ள வீட்டுப் பாக்கு வேணுமில்ல?"

மென்றுகொண்டே யோசித்தார். "அப்ப நாளைக்கே மாத்திக்குவோம்."

"சந்திராஷ்டமம்?"

"அது அவனுக்கு. அவன் கத்தார்ல இருக்கான்."

ராமையா முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் நிரோஷா சிரிக்கவில்லை. நேராக வந்து நின்று சொன்னாள்: "மாமா, மறைச்சு வச்சேன்னு பின்னாடி சொல்லக் கூடாது. அண்ணன் வந்து சேர்ற வரைக்கும் நான் ஏறத்தான் செய்வேன். இனிமே அப்பாவ ஏற விட மாட்டேன்."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"கீழ கயிறு பிடிக்கிறது யாரு?"

"அம்மா."

"ஒத்தைக் கை பத்தாது. ரெண்டு பேரு பிடிக்கணும்." சமன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் நிப்பியா?"

"ஹரி ஐயா, நிப்பேன்" என்றார் சமன். சிங்களத்தில் ஹரி என்றால் சரியாம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் தட்டு மாற்றினோம். சந்நிதியில் தகரக் கூரைதான். ஆனால் ஆத்தா முகம் எங்கள் ஊர் ஆத்தா முகமேதான். பெண் வீட்டு வெற்றிலையின் மேல் நான் உரித்த பாக்கு இருந்தது. நான் குங்குமம் வைக்கக் குனிந்தவளின் நெற்றியில் என் கறுத்த விரல் பட்டது. "அத்த, ஒங்க கையும் போச்சு" என்று அவள் முணுமுணுத்தாள்.

ஊர் திரும்பிய பிறகும் கறை போகவில்லை. எலுமிச்சம்பழம், புளி, சாம்பல், ஒன்றுக்கும் அசையவில்லை. கோயிலில் விளக்கேற்றும்போது என் ஓரகத்தி கையைப் பிடித்துப் பார்த்துப் பதறினாள். "என்னக்கா இது, கையி இப்படிக் கெடக்கு? போன காரியம் என்னாச்சு?"

"அதான் பாக்கறியே" என்றேன். "பாக்கு மாத்தியாச்சு."